வெளிநாட்டு எல்லை மீனம்பாக்கத்தில் தொடங்குகிறது

இரவு பதினொரு மணிக்கு மேல்தான் சென்னை விமான நிலையத்தின் பன்னாட்டு முனையம் களைகட்டும். துபாய், தோஹா, அபுதாபி, சிங்கப்பூர் என்று விமானங்கள் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் வரிசையாகக் கிளம்புகின்றன. செக்-இன் கவுன்ட்டரில் இருப்பவர் பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டுகிறார், கணினியில் எதையோ தட்டுகிறார், திரையையும் விசாப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். ஜன்னலோர இருக்கை தேடுகிறார் போலிருக்கிறது என்று பயணி நினைத்துக்கொள்கிறார்.

அவர் தேடுவது இருக்கையை அல்ல. ‘டைமாட்டிக்’ என்ற தரவுத்தளத்தை. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ‘ஐயாட்டா’ நடத்துவது அது. எந்த நாட்டு பாஸ்போர்ட், எங்கே போகிறார், எந்த ஊர் வழியாகப் போகிறார், கையில் வேறு என்ன விசா இருக்கிறது என்று கொடுத்தால், ஏற்றலாமா கூடாதா என்று அது சொல்லிவிடும். கூடாது என்று வந்தால் பயணம் அங்கேயே முடிந்தது. லண்டனிலோ டொரன்டோவிலோ உள்ள குடியேற்ற அதிகாரியின் முகத்தைப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்காது.

விமான நிறுவனங்களுக்கு ஏன் இந்தப் போலீஸ் வேலை? காரணம் அபராதம். உரிய ஆவணம் இல்லாத ஒரு பயணியை ஏற்றி வந்தால், ஆளுக்கு 2,000 பவுண்டு என்று பிரிட்டன் விமான நிறுவனத்திடம் வசூலிக்கிறது. ஐரோப்பிய நாடுகளிலும் அமெரிக்காவிலும் இதே போன்ற சட்டங்கள் உண்டு. அந்தப் பயணியைத் திருப்பிக் கொண்டுபோய் விடும் பொறுப்பும் ஏற்றி வந்த நிறுவனத்தின் தலையில்தான். ஆகவே சந்தேகம் வந்தால் ‘ஏற்ற வேண்டாம்’ என்பதே கவுன்ட்டர் ஊழியருக்குப் பாதுகாப்பான முடிவு. அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

டிக்கெட் ஒரு வேலை, விசா இன்னொரு வேலை என்று நம் வீடுகளில் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. டிக்கெட்டை மகன் இணையத்தில் போட்டுவிடுவான், விசாவை ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். பாதிச் சிக்கல் இந்தப் பிரிவினையில்தான் பிறக்கிறது. எந்த வழியாகப் போகிறோம் என்பதே எந்தெந்த விசா வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. கையில் உள்ள விசாதான் எந்த மலிவு டிக்கெட்டை வாங்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

வழித்தடத்தை வைத்தே ஆளைத் தடுத்து நிறுத்தலாம் என்பது இந்தியர்களுக்குப் பழைய அனுபவம். 1908-ல் கனடா ஒரு விதி கொண்டுவந்தது: குடியேற வருபவர் தன் நாட்டிலேயே வாங்கிய ஒரே டிக்கெட்டில், எங்கும் இடையில் தங்காமல் நேராக வந்து இறங்க வேண்டும். இந்தியா என்ற பெயரே அந்த விதியில் இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்து கனடாவுக்கு அப்படி நேர்க் கப்பல் கிடையாது என்பது எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1914 மே மாதம் 376 இந்தியர்களோடு வான்கூவர் துறைமுகம் சேர்ந்த ‘கோமகாட்டா மாரு’ கப்பல் இரண்டு மாதம் கரையோரம் நின்று, ஏற்கெனவே அங்கே குடியிருந்தவர்கள் போன்ற சிலரை மட்டும் இறக்கிவிட்டுத் திரும்பியது. அன்றைய கனடா பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ 2016-ல் நாடாளுமன்றத்தில் அதற்கு மன்னிப்புக் கேட்டார். இன்று யாரும் அந்த அளவுக்குப் பச்சையாக விதி எழுதுவதில்லை. ஆனால் டிக்கெட்டில் உள்ள ஊர்ப்பெயர்களைப் பார்த்து அனுமதிப்பதும் மறுப்பதும் தொடரத்தான் செய்கிறது.

இடையில் வரும் ஊர்

விமானம் மாறுவதற்காக மட்டும் ஓர் ஊரில் இறங்குகிறோம், வெளியே தலைகாட்டப் போவதே இல்லை, அதற்கு எதற்கு விசா என்று கேட்பது நியாயமான கேள்விதான். துபாய், தோஹா, அபுதாபி, சிங்கப்பூர், கோலாலம்பூர் ஆகிய ஊர்களில் அந்த நியாயம் செல்லுபடியாகும். ஒரே டிக்கெட், லக்கேஜ் கடைசி ஊர் வரை போய்விடும், பன்னாட்டுப் பகுதிக்குள்ளேயே விமானம் மாறிக்கொள்ளலாம் என்றால் இந்திய பாஸ்போர்ட்காரருக்கு அங்கே விசா தேவையில்லை.

லண்டன் அப்படியில்லை. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்கள் ஹீத்ரோவில் குடியேற்றப் பிரிவைத் தாண்டாமல் விமானம் மாறினால்கூட அதற்கென்று தனி டிரான்சிட் விசா வேண்டும். கையில் செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விசா இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே அமெரிக்க விசாவோடு சிகாகோ போகும் பெற்றோருக்கு லண்டன் வழி பிரச்சினை இல்லை. இந்த விசா எதுவும் இல்லாமல் அதே லண்டன் வழியாகத் தென் அமெரிக்காவுக்கோ கரீபியன் தீவுக்கோ போகிறவர் கவுன்ட்டரில் மாட்டிக்கொள்வார்.

ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் இன்னும் நுணுக்கம் அதிகம். விமான நிலையத்துக்குள் மாறுவதற்கே டிரான்சிட் விசா கேட்கப்படும் 12 நாடுகளின் பொதுப்பட்டியல் ஒன்றை ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கிறது. இலங்கை அதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுகிறவருக்கு பாரிஸோ ஃபிராங்ஃபர்ட்டோ சூரிச்சோ எல்லாம் இந்த வகையில் ஒன்றுதான். கனடா விசாவோடு டொரன்டோவில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போனால் விலக்கு கிடைக்கும். அந்த விசா இல்லாத பயணங்களில் கிடைக்காது. இந்தியா பொதுப்பட்டியலில் இல்லை. ஆனால் தனித்தனி நாடுகள் தங்கள் அளவில் பெயர் சேர்க்கலாம் என்பதால் ஜெர்மனி போன்றவை நீண்டகாலம் இந்தியர்களிடமும் டிரான்சிட் விசா கேட்டுவந்தன. 2026 ஜனவரியில் ஜெர்மன் பிரதமர் ஃபிரெட்ரிக் மெர்ஸ் இந்தியா வந்தபோது இந்த நிபந்தனையை நீக்குவதாக அறிவிக்கப்பட்டது. இப்படி விதி மாறிக்கொண்டே இருப்பதால், போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப் போனார் என்பதை வைத்து இந்த வருடம் டிக்கெட் எடுப்பது ஆபத்து.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. டிக்கெட் விற்கும் தளங்களில் மலிவாகத் தெரியும் சில வழிகள் ஷெங்கன் பகுதிக்குள்ளேயே இரண்டு ஊர்களைத் தொட்டுப் போகும்: சென்னை, ஃபிராங்ஃபர்ட், லிஸ்பன், அங்கிருந்து பிரேசிலின் சாவோ பாலோ என்று. ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து லிஸ்பனுக்குப் போவது அவர்கள் கணக்கில் உள்நாட்டுப் பயணம். அதில் ஏற வேண்டுமானால் ஃபிராங்ஃபர்ட்டிலேயே எல்லையைத் தாண்டி உள்ளே நுழைந்தாக வேண்டும். டிரான்சிட் விசா இதற்கு உதவாது. முழு ஷெங்கன் விசா வேண்டும். ஐரோப்பாவில் ஓர் இரவுகூடத் தங்காத பயணத்துக்கு!

அமெரிக்காவில் டிரான்சிட் பகுதி என்ற ஏற்பாடே கிடையாது. விசா இல்லாமல் விமானம் மாறிப்போக அனுமதித்த திட்டத்தை 2003 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். நியூயார்க்கில் இரண்டு மணி நேரம் நின்று மெக்சிகோ போகிறவரும் அமெரிக்காவுக்குள் முறைப்படி நுழைந்து வெளியேற வேண்டும், லக்கேஜை எடுத்துச் சுங்கத்தில் காட்டி மறுபடி போட வேண்டும். கனடாவிலும் இந்தியர்களுக்கு டிரான்சிட் விசா வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை என்பது மட்டும் ஆறுதல்.

விமான நிலையத்தின் பெயரையும் கவனிக்க வேண்டும். லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுவது, பாரிஸில் சார்ல் த கோலில் இறங்கி ஓர்லியில் ஏறுவது, டோக்கியோவில் நரிட்டாவிலிருந்து ஹனேடா போவது எல்லாம் டிக்கெட் தளத்தின் பார்வையில் ‘ஒரே ஊர்’. பயணிக்கோ அது எல்லையைத் தாண்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து பிடிக்கும் வேலை.

விசா இல்லாமல் டிக்கெட்டா, டிக்கெட் இல்லாமல் விசாவா?

காரைக்குடியில் ஓய்வுபெற்ற ஒரு தம்பதி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மகள் பாரிஸில், மகன் சிகாகோவில். ஜூனில் கிளம்பி மகளோடு மூன்று வாரம், லண்டனில் ஒரு வாரம், பிறகு பேரக்குழந்தையோடு சிகாகோவில் மூன்று மாதம். கேட்க எளிமையான திட்டம். இதற்கு மூன்று விசா வேண்டும். மூன்றுக்கும் மூன்று காலக்கணக்கு.

அமெரிக்க விசாவை எவ்வளவு முன்பாகவும் வாங்கி வைக்கலாம். இந்தியர்களுக்குப் பொதுவாகப் பத்து ஆண்டுக்குத் தருகிறார்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது, பதினைந்து நாளுக்குக் குறைவாக இருந்தாலும் கூடாது. பிரிட்டன் விசாவுக்கு மூன்று மாதத்துக்குள்தான் விண்ணப்பம். இதில் தூதரகங்கள் பொதுவாகப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், இருப்பதோ ஒரே பாஸ்போர்ட். ஆகவே வரிசை தானாக அமைந்துவிடுகிறது: முந்தைய ஆண்டே அமெரிக்கா, ஜனவரி பிப்ரவரியில் பிரான்ஸ், மார்ச் கடைசி அல்லது ஏப்ரலில் பிரிட்டன். இதைத் தலைகீழாகத் தொடங்குபவர்கள் மே மாதம் பாஸ்போர்ட் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

டிக்கெட்டை எப்போது எடுப்பது? விசா கைக்கு வரும்வரை டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை வெளிப்படையாகவே சொல்கிறது. ஷெங்கன் விண்ணப்பத்திலோ போகவும் வரவும் டிக்கெட் முன்பதிவைக் காட்டச் சொல்கிறார்கள். முன்பதிவு என்றால் பணம் கட்டி முடித்த டிக்கெட் என்று அர்த்தமில்லை. பல டிராவல் ஏஜென்ட்டுகள் சில நாளைக்குப் பிஎன்ஆரைப் பிடித்து வைத்துத் தருவார்கள். அது விமான நிறுவனத்தின் தளத்தில் தட்டினால் வரும் உண்மையான முன்பதிவாக இருக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்கு அச்சடித்துத் தரப்படும் போலித் தாளை நம்பினால் விசா மறுப்பதோடு நிற்காது. ஏமாற்ற முயன்றவர் என்ற பதிவு பல ஆண்டு கூடவே வரும்.

பணத்தைத் திரும்பப் பெறக்கூடிய டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது இந்த இடத்தில் ஊதாரித்தனம் அல்ல. அமெரிக்காவுக்குப் போகும் வரும் விமானங்களில், பயணத்துக்கு ஏழு நாளுக்கு முன்பாக நிறுவனத்திடமே நேரடியாக எடுத்த டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யலாம், அல்லது பணம் கட்டாமல் பிடித்து வைக்கலாம். இரண்டில் ஒன்றை நிறுவனம் கொடுத்தாக வேண்டும் என்பது அங்குள்ள போக்குவரத்துத் துறையின் விதி.

பதினைந்து சதவீதம்

2024-ல் இந்தியாவிலிருந்து 11 லட்சத்துக்கும் மேற்பட்ட ஷெங்கன் விசா விண்ணப்பங்கள் போயின. சீனாவுக்கும் துருக்கிக்கும் அடுத்த இடம். அவற்றில் ஏறத்தாழ 15 சதவீதம் மறுக்கப்பட்டன. அந்த ஆண்டு ஜூன் 11 முதல் கட்டணம் 80 யூரோவிலிருந்து 90 யூரோ ஆனது. மறுத்தாலும் கட்டணம் திரும்பாது. நால்வர் குடும்பத்துக்கு ஒரு மறுப்பு எவ்வளவு ஆகும் என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

விண்ணப்பங்களை வாங்குவது பெரும்பாலும் தூதரகம் அல்ல, ‘விஎஃப்எஸ் குளோபல்’ போன்ற தனியார் நிறுவனங்கள். உலகம் முழுக்க விசா வரிசைகளை நடத்தும் இந்த நிறுவனம் 2001-ல் மும்பையில் தொடங்கியது என்பதும், அமெரிக்கத் தூதரகம்தான் அதன் முதல் வாடிக்கையாளர் என்பதும் பலருக்குத் தெரியாது. விசா தருவதா மறுப்பதா என்று முடிவெடுக்கும் அதிகாரம் அந்நிறுவனத்துக்குக் கிடையாது. உள்ளே செல்வாக்கு இருக்கிறது என்று சொல்லும் தரகரை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடலாம்.

மறுப்புகளில் ஒரு பகுதி எளிதாகத் தவிர்க்கக்கூடியது. முதலில் இறங்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்ற தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அப்படியல்ல. அதிக நாள் எங்கே தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாட்கள் என்றால்தான் முதலில் நுழையும் நாடு. காரைக்குடித் தம்பதி ஃபிராங்ஃபர்ட்டில் விமானம் மாறிப் பாரிஸ் போனாலும் விண்ணப்பம் பிரான்ஸுக்கே. சுவிட்சர்லாந்தில் சந்திப்பு நேரம் சீக்கிரம் கிடைக்கிறது என்று அங்கே விண்ணப்பித்துவிட்டு, பயணத் திட்டத்தில் பாரிஸ் ஓட்டலைக் காட்டினால் அதிகாரிக்குக் கணக்கு உதைக்கும்.

பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது உயிரோடும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். வங்கிக் கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென விழுந்த பத்து லட்சத்தைவிட, மாதாமாதம் ஓய்வூதியம் வரும் சாதாரணக் கணக்குக்கு மதிப்பு அதிகம்.

நல்லபடியாகப் போய்வந்தவர்களுக்கு இப்போது ஒரு சலுகை உண்டு. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கென்றே வந்த விதிப்படி, மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு ஆண்டுக்குப் பலமுறை நுழையும் விசாவும், அதையும் ஒழுங்காகப் பயன்படுத்தினால் அடுத்து ஐந்து ஆண்டு விசாவும் கிடைக்கலாம். எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்ற வரம்பு அப்போதும் பொருந்தும். இறங்கிய நாள், கிளம்பிய நாள் இரண்டும் கணக்கில் சேரும். 2025 அக்டோபர் 12 முதல் முத்திரை குத்துவதற்குப் பதிலாக நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதியத் தொடங்கியிருக்கிறார்கள். மங்கிய முத்திரையைக் காட்டி ஒரு நாளை விழுங்கிவிடும் காலம் போய்விட்டது.

ஜெமினி மேம்பாலத்து ஜன்னல்

சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகம் ஜெமினி மேம்பாலத்தின் ஓரத்தில் இருக்கிறது. விமான நிலையத்துக்கு அருகே லட்சுமி விசா கணபதி கோயில் இருக்கிறது. விண்ணப்பதாரர்கள் இரண்டு இடத்துக்கும் போகிறார்கள். கூட்டத்தின் காரணம் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு. சுற்றுலா விசா கேட்கும் ஒவ்வொருவரையும் அங்கேயே தங்கிவிட வந்தவர் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவருடையது. கோப்பு நிறைய ஆவணங்களோடு போனாலும் நேர்காணல் ஜன்னலில் நடப்பது சில நிமிடப் பேச்சு. அதிகாரி பல சமயம் ஒரு தாளைக்கூடக் கேட்பதில்லை. விண்ணப்பப் படிவத்தில் எழுதியதும் வாயால் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்பதே அங்கே பார்க்கப்படுகிறது. படிவத்தை ஏஜென்ட் நிரப்பி, அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் போய் நிற்பவர்கள் தடுமாறுவது இதனால்தான்.

காத்திருப்பு இன்னொரு கதை. கொரோனாவுக்குப் பிறகு, 2022 இறுதியில், முதல்முறை விண்ணப்பிப்பவருக்குச் சில இந்திய நகரங்களில் நேர்காணல் கிடைக்க இரண்டு ஆண்டுக்கும் மேல் ஆகும் என்ற நிலை. 2023-ல் பாங்காக்கில் உள்ள அமெரிக்கத் தூதரகம் இந்தியர்களுக்கும் சந்திப்பு நேரம் திறந்துவிட, விசாவுக்காக ஒரு தாய்லாந்துப் பயணம் என்பதே ஒரு பழக்கமானது. 2025 செப்டம்பரில் அமெரிக்கா அந்தக் கதவைச் சாத்தியது. அவரவர் குடியுரிமை நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும். அதே மாதம், நேர்காணலே இல்லாமல் விசா புதுப்பிக்கும் சலுகையையும் மிகவும் குறுக்கிவிட்டார்கள்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைக்கும் அந்த விசா, அமெரிக்காவுக்கு வெளியேயும் வேலை செய்கிறது. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். துபாயில் இறங்கியதும் விசா வாங்கலாம். அடுத்த நாட்டுக்கு டிக்கெட் இருந்தால் சிங்கப்பூரில் 96 மணி நேரம் வெளியே சுற்றிவிட்டு வரலாம். நீண்ட பயணத்தை இரண்டாக உடைத்து முதுகுக்கு ஓய்வு கொடுக்க நினைக்கும் வயதானவர்களுக்கு இது பெரிய வசதி. கொஞ்சம் பேர்தான் பயன்படுத்துகிறார்கள்.

அப்பா பெயர் எங்கே?

தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். இந்திய பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தைச் சுருக்கமாகப் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். ஒருவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதுகிறார், அவர் தம்பி எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் எழுதி மற்றதைக் காலியாக விடுகிறார். ஒரே வீட்டில் இரண்டு விதம்.

காலிக் கட்டத்துக்கு வெளியுலகில் மரியாதை இல்லை. ஒற்றைப் பெயர்க்காரருக்கு அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிடும். சொந்தப் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘முதல் பெயர் தெரியாது’ என்பதன் மூன்று ஆங்கில எழுத்துச் சுருக்கம் உட்கார்ந்துகொள்ளும். அங்கே ஓட்டுநர் உரிமம் வரை அதுவே தொடரும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை வருகை விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் வேறு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று பிறகு தளர்த்தியது.

டிக்கெட்டிலும் ஒற்றைப் பெயரை எப்படி நிரப்புவது என்பதில் விமான நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் வேறு. அந்தந்த நிறுவனத்தைக் கேட்டுவிட்டே போட வேண்டும். பெயர் திருத்தக் கட்டணம் சில நேரம் டிக்கெட் விலையையே தொடும். முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டத்தையும் நிரப்பிக்கொள்வதுதான் நல்லது. விசாக்கள் ஒட்டப்பட்ட பிறகு மாற்றினால் பழையதையும் புதியதையும் சேர்த்தே சுமக்க வேண்டிவரும்.

தேதி, கசகசா, வீல்சேர்

டிக்கெட்டில் ஆகஸ்ட் 15, அதிகாலை 1.40 என்று இருக்கும். பதினைந்தாம் தேதி இரவு குடும்பமே வேன் பிடித்து விமான நிலையம் வந்து இறங்கும். விமானம் கிட்டத்தட்ட ஒரு நாள் முன்பே போயிருக்கும். நள்ளிரவு விமானங்கள் நிறைந்த சென்னையில் இந்த விபத்துக்கு அழிவே இல்லை. விசா தொடங்கும் தேதியிலும் இதே குழப்பம் வரும்: 20-ம் தேதி முதல் செல்லும் விசாவோடு 19-ம் தேதி மாலை ஐரோப்பாவில் இறங்கும் டிக்கெட்டை எடுத்தவரைக் கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

மகளுக்கும் மருமகளுக்கும் கட்டும் சாமான் மூட்டையில் கசகசா இருக்கக்கூடாது. அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்ட பொருள். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்கச் சுங்கம் பிடுங்கிவிடும். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பூச்சி அதில் வரும் என்பது அவர்கள் பயம். பால்கோவாவையும் நெய்யையும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக முடியாது. பருப்புப் பொடிக்கு எங்கும் பெரிய எதிர்ப்பில்லை.

நடக்க முடிந்த பெற்றோருக்கும் பிள்ளைகள் வீல்சேர் பதிவு செய்வது இன்று சாதாரணமாகிவிட்டது. கால் வலி காரணமல்ல. ஆங்கிலம் தெரியாத அம்மாவை ஒருவர் கூடவே இருந்து அடுத்த வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்ற நிம்மதிதான் காரணம். விமான நிறுவனங்கள் இதை முறைகேடாகப் பார்க்கின்றன. நிஜமாகவே நடக்க முடியாதவர்கள் காத்திருக்க நேர்கிறது என்பது உண்மையும்கூட. ஆனால் துணைக்கு ஆள் வேண்டும் என்று மட்டும் கேட்கும் சேவையைச் சில நிறுவனங்கள் தருகின்றன என்பதும், டிக்கெட் எடுக்கும்போதே அதைக் கேட்கலாம் என்பதும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

வானம் மூடினால்

2024 ஏப்ரல் 16-ல் துபாயில் பெய்த மழை, அமீரகத்தில் 1949-ல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து காணாத மழை. ஓடுபாதையில் வெள்ளம் நின்றது. 2025 மார்ச் 21-ல் அருகில் உள்ள மின்நிலையத்தில் தீப்பிடித்ததால் ஹீத்ரோ விமான நிலையம் மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 23 இரவு, கத்தாரில் உள்ள அமெரிக்கத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசிய வேளையில், அந்நாடு தன் வான்வெளியை மூடியது. நடுவானில் இருந்த விமானங்கள் கிடைத்த ஊர்களில் எல்லாம் இறங்கின. அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியிலிருந்து இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டதால் ஏர் இந்தியாவின் ஐரோப்பிய, அமெரிக்கப் பயணங்கள் நீண்டன. டெல்லி–வாஷிங்டன் சேவை செப்டம்பரில் நின்றே போனது.

இப்படி ஏதாவது நடக்கும்போது ஒரே டிக்கெட்டில் முழு வழியையும் வாங்கியவருக்கும், இரண்டு மலிவு டிக்கெட்டுகளைத் தானே ஒட்டிக்கொண்டவருக்கும் நிலைமை முற்றிலும் வேறு. ஒரே பிஎன்ஆர் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் கடமை. தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாம் நிறுவனம் பொறுப்பல்ல. அதன் பார்வையில் பயணி வரவில்லை, டிக்கெட் காலாவதி. லக்கேஜும் இடையிலேயே கைக்கு வரும். அதை எடுக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், அதற்கு விசா வேண்டும். பதினைந்தாயிரம் ரூபாய் மிச்சம் என்று தோன்றிய கணக்கு இங்கேதான் கவிழும். அப்படியே பிரித்து எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், இந்தியர்களுக்கு 2026 இறுதி வரை விசா இல்லாத மலேசியா போன்ற இடத்தில் பிரித்து, ஒரு நாள் இடைவெளி விடுவது மேல்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261-ம் எண் விதி பற்றி நம் பயணிகள் அதிகம் கேள்விப்பட்டதில்லை. நிறுவனத்தின் தவறால் விமானம் ரத்தானாலோ பல மணி நேரம் தாமதமானாலோ, 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்குத் தலைக்கு 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் இது பொருந்தும். ஐரோப்பாவுக்கு வரும் விமானம் என்றால் ஐரோப்பிய நிறுவனமாக இருக்க வேண்டும். ஆக, சென்னையிலிருந்து லுஃப்தான்சாவில் ஃபிராங்ஃபர்ட் போகிறவருக்கு இரண்டு திசையிலும் உரிமை உண்டு. எமிரேட்ஸில் துபாய் வழியாகப் போகிறவருக்குத் திரும்பும்போது மட்டும். மழை, போர், வான்வெளி மூடல் போன்றவற்றுக்கு இழப்பீடு கிடையாது, சாப்பாடும் தங்குமிடமும் தர வேண்டும். கேட்காமல் எந்த நிறுவனமும் பணத்தைக் கொண்டுவந்து தராது. இணையதளத்தில் அதற்கென்று படிவம் இருக்கிறது. போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்து, ஊர் திரும்பிய பிறகும் நிதானமாக விண்ணப்பிக்கலாம்.